ஏற்றுமதித் தர ஏச்சு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கையில் இருக்கிற போனைக் கொஞ்சம் கவிழ்த்து வையுங்கள். அதற்கும் காது உண்டு, இந்தக் கதையைக் கேட்டால் ரோஷப்படும். ஒரு பொம்பிளையின் வாய் எப்படி ஒரு நாட்டின் வருமானமானது என்கிற கதை இது. நடந்து முடிந்தது என்று வைத்துக்கொண்டாலும் சரி, நாளைக்கு நடக்கப்போவது என்று வைத்துக்கொண்டாலும் சரி. சிரிக்கிற இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள். ஓரிடத்தில் தொண்டை அடைக்கும், அங்கே ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம்.

சங்கரன்கோவிலில் விசைத்தறிகள் ஓயாமல் தடதடக்கும் தெரு ஒன்று. அந்தத் தடதடப்பையும் தாண்டி ஒரு குரல் கேட்கும். உலகம்மாளின் குரல். அவள் பீடி சுற்றுகிறவள். இலையும் தூளும் பரப்பிய சுளகை மடியில் வைத்து உட்கார்ந்தாள் என்றால் விரல் பாட்டுக்கு இலையை உருட்டும், வாய் பாட்டுக்கு ஊரை உருட்டும். தண்ணீர் கலந்த பால்காரன், வடகத்தில் வாய் வைத்த ஆடு, குழாயடியில் வரிசை தாண்டியவள், சித்திரையில் மூட்டம் போட்டு வடகத்தைக் காயவிடாத வானம், எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. பெரும்பங்கு மட்டும் அவள் வீட்டுக்காரன் சொரிமுத்துவுக்கு.

சொரிமுத்து தறி ஓட்டுகிறவன். வாயில்லாப் பூச்சி. சர்க்கரை வந்து பதினாலு வருஷம் ஆகிறது. ஆனால் சீனிமிட்டாய்க் கடையைத் தாண்டும்போது அவன் கால் அவன் பேச்சைக் கேட்காது. காலையில் மாத்திரை போட வைப்பது, தறிக்குப் போகையில் செருப்பு மாட்ட வைப்பது, சட்டைப் பையைத் துழாவி மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிடுங்குவது, எல்லாம் உலகம்மாளின் வாயால்தான் நடந்தன. "இத்தனை வருஷமா சர்க்கரையை எப்படிய்யா கட்டுக்குள்ள வச்சிருக்க?" என்று டாக்டர் கேட்டபோது சொரிமுத்து நெளிந்துகொண்டே, "வீட்ல பேசுவா சார்" என்றான். டாக்டர் அதைச் சீட்டில் எழுதவில்லை. எழுதியிருக்கலாம்.

இப்படி இருக்கையில் ஒருநாள் எப்சிபா வந்தாள். 'காதோரம்' என்கிற கம்பெனியின் ஆள். இருபத்தேழு வயசு இருக்கும். கழுத்தில் அட்டை, கையில் பலகை மாதிரி ஒரு கணினி, முகத்தில் தூக்கம் போதாத வெளுப்பு. சுளகுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"யக்கா, உங்க ஏச்சை வாங்க வந்திருக்கேன்."

"ஓசியிலேயே ஊருக்கே குடுக்கேன். ஒனக்கு என்னத்துக்குட்டி துட்டுக்கு?"

எப்சிபா விளக்கினாள். பனி பெய்கிற பணக்கார நாடுகளில் வீட்டுக்கு ஒரு கிழவரோ கிழவியோ தனியாக இருக்கிறார்கள். கூடவே பேசும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. 'மாத்திரை நேரம் வந்துவிட்டது, அன்பரே' என்று தேன் சொட்டச் சொல்லும். ஒருத்தரும் போடுவதில்லை.

"ஏன் போட மாட்டேங்கான்?"

"நமக்காக ஒருத்தருக்குக் கோவம் வரணும் யக்கா. அப்பத்தான் மனுசன் அசையுதான். ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்காங்க. மெஷினுக்கு எல்லாம் வருது, அந்தக் கோவம் மட்டும் வரல. அத எங்கயும் செய்ய முடியல, வெளைஞ்ச எடத்துல போய் எடுக்க வேண்டியிருக்கு. பருத்தி மாதிரி, முந்திரி மாதிரி. எட்டு மாவட்டத்துல குரல் எடுத்துப் பார்த்தாச்சு. உங்களுதுதான் முதல் தரம்."

உலகம்மாள் தன் வாயை முதல்முறையாக மரியாதையோடு துடைத்துக்கொண்டாள்.

மூடிக்கிடந்த சினிமாக் கொட்டகை ஒன்றைக் கம்பெனி எடுத்து ஏ.சி. போட்டிருந்தது. நடுவில் மைக். மூன்று எஞ்சினியர்கள் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, "ஏசுங்க மேடம்" என்றார்கள். உலகம்மாள் மைக்கைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.

"செவுத்தப் பார்த்து ஏச நான் என்ன கோட்டியா? எதுக்க ஆளு வேணும்லா?"

எஞ்சினியர்கள் கூடிப் பேசி, தறியிலிருந்து சொரிமுத்துவை ஆட்டோ வைத்து வரவழைத்தார்கள். எதிரில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அவன் உட்கார்ந்து, மேஜை மேல் இருந்த பிஸ்கட்டில் ஒன்றை எடுத்தான் பாருங்கள், உலகம்மாளின் வாய் திறந்தது, கண்ணாடிக்குப் பின்னால் சத்தம் அளக்கும் பெட்டிகளில் முள்ளெல்லாம் துள்ளின.

ஏழு நாள். தினம் எட்டு மணி நேரம். மூன்றாம் நாள் சொரிமுத்துவிடம் குற்றம் தீர்ந்துபோயிற்று. கம்பெனிக்கு நஷ்டம் வரக்கூடாதே என்று அவனே புதுசு புதுசாகக் குற்றம் செய்தான். சட்டையைத் திருப்பிப் போட்டு வந்தான். காப்பியை மைக் மேல் கவிழ்த்தான். அவன் கழுத்திலும் ஓர் அட்டை மாட்டினார்கள், அதில் 'தூண்டுபொருள்' என்று போட்டிருந்தது. ஏழாம் நாள் சாயங்காலம் திருவிழா பார்த்துவிட்டு வருகிறவன் மாதிரி முகம் மினுங்க வீட்டுக்கு வந்து, அட்டையைக் கழற்ற மனசில்லாமல் அதோடேயே படுத்தான்.

பிறகு ஒப்பந்தம். எப்சிபா ஒவ்வொரு பக்கமாக வாசித்துக் காட்டினாள். மாசாமாசம் பணம். கோயம்புத்தூரில் நர்ஸ் படிப்புப் படிக்கும் மகள் வடிவுக்குக் கடைசி வருஷம்வரை கல்லூரிக் கட்டணம். கடைசிப் பக்கத்தில் குரலைத் தணித்தாள்.

"இனிமே நீங்க வெளிய யாரையும் ஏசக்கூடாது யக்கா. வீட்லயும்தான். தெருவுல சும்மா கெடைக்கற சரக்குக்கு எவன் காசு குடுப்பான்? தொண்டையில ஒரு பொட்டு ஒட்டுவோம். உளுந்து அளவுதான் இருக்கும். ஏச்சு வந்தா அது துடிக்கும். மூணு தடவ துடிச்சா ஒப்பந்தம் ரத்து. வாங்குன பணம், வடிவு ஃபீஸ், எல்லாத்தையும் திருப்பிக் கட்டணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வீட்டுல ஏசாம இருந்துருவீங்களா?"

உலகம்மாளுக்குக் கோபமே வந்துவிட்டது. "வீட்ல நான் என்னைக்குட்டி ஏசிருக்கேன்? சும்மா பேசிக்கிட்டுல்லா இருப்பேன்!"

மனசாரத்தான் சொன்னாள். அந்தத் தெருவில் எந்தப் பொம்பிளையைக் கேட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பாள். கையெழுத்துப் போட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பொட்டு இரண்டு தடவை துடித்துவிட்டது. ஒன்று ஆட்டுக்கு. இன்னொன்று, சொரிமுத்து செருப்பில்லாமல் வாசலைத் தாண்டியதற்கு. மூன்றாவதற்கு வாய் திறந்தவள், வடிவின் முகம் நினைவுக்கு வர, சேலை முந்தியைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள்.

வியாபாரம் என்னமோ பிய்த்துக்கொண்டு போயிற்று. உலகம்மாளின் ஏச்சை இயந்திரம் அந்தந்த நாட்டு மொழிக்கு மாற்றி, அவள் குரலிலேயே ஏசியது. எங்கேயோ பனிக்குள் இருந்த கிழவர் ஒருவர், 'என் மனைவி இறந்தபின் இன்றுதான் யாரோ என்மேல் கோபப்பட்டார்கள்' என்று எழுதியிருந்ததை எப்சிபா வாசித்துக் காட்டினாள். உலகம்மாளுக்குக் கண் கலங்கியது. "பாவம், மாத்திரை போட்டாராமா?" "போட்டாராம் யக்கா." "குளிரு எடத்துல கம்பளித் தொப்பி போடாம அலைவாரு, அதையும் சொல்லச் சொல்லு."

அடுத்த சித்திரைக்குள் அந்தத் தெருவில் மட்டும் நாற்பது பேர் தொண்டையில் பொட்டு. பெரிய மைதானத்தில் பந்தல் போட்டு விழா எடுத்தார்கள். மேடையில் ஒருவர் முழங்கினார்: "இத்தனை காலமாக நம் தெருக்களில் வீணாகக் கொட்டிக்கொண்டிருந்த வளம் இது! இன்று ஒரு சொட்டு ஏச்சுகூட வீணாவதில்லை! நூல் ஏற்றுமதியை ஏச்சு ஏற்றுமதி தாண்டிவிட்டது!" நாற்பது பெண்களும் கைதட்டினார்கள். மைக் சரியில்லாமல் வீல் வீலென்று கத்தியது. வேறொரு காலமாக இருந்தால் மைக்செட்காரன் அன்றைக்கு ஊரைவிட்டு ஓடியிருப்பான். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

தெரு நாகரிகமாகிவிட்டது. குழாயடியில், "நீங்க மொதல்ல பிடிங்க", "சேச்சே, நீங்க பிடிங்க" என்று சொல்லிச் சொல்லியே தண்ணீர் நின்றுபோகும். வடகத்தை மேயும் ஆட்டிடம் பக்கத்து வீட்டு மாடத்தி, "ஐயா, கொஞ்சம் அந்தப் பக்கம் போறீங்களா?" என்று கேட்டுக்கொண்டு நின்றாள். ஆடு இப்படியொரு மரியாதையைப் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. சாவகாசமாகத் தின்றது. ஊரில் சண்டை இல்லை என்று அதிகாரிகள் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். சமூக நல்லிணக்கத்தில் மாநிலத்திலேயே முதலிடமாம்.

சொரிமுத்து மட்டும் வாடிப்போனான்.

"மாத்திரை போட்டுக்கிறீங்களா?" என்று உலகம்மாள் ஒருநாள் காலையில் தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள்.

சொரிமுத்து திடுக்கிட்டு எழுந்தான். "ஏட்டி, நான் என்ன தப்புப் பண்ணிட்டேன்? அசலூர்க்காரன்கிட்டப் பேசுத மாதிரி பேசுதியே!"

"ஒண்ணுமில்ல. போட்டுக்கோங்க. நல்லது."

அவன் மாத்திரையைக் கையில் வாங்கினான். அவள் அடுப்படிக்குப் போனதும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வேண்டுமென்றே செய்தான் என்று சொல்ல முடியாது, கண்ணுகளா. ஒப்பந்தம் அவனுக்கும் தெரியும், அவன் உடம்புக்குத்தான் தெரியாது. இருபத்துமூன்று வருஷமாக ஒரு மனுசனை ஒரு சத்தம் காலையில் தூக்கி நிறுத்தியிருக்கிறது. அந்தச் சத்தம் நின்றுபோனால், 'இனி நாம் இருந்தும் ஒன்றுதான், இல்லாமல் போனாலும் ஒன்றுதான் போல' என்று உடம்புக்கே தோன்றிவிடும். பழையபடி ஏசட்டும் என்று பார்வைக்குத் தெரிகிற இடத்தில் மிட்டாய்ப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தான். உலகம்மாள் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். திரும்பிக்கொண்டாள். அவனுக்கு மிட்டாயும் கசந்தது. ஆனாலும் தின்றான்.

உலகம்மாள் எப்சிபாவைப் பிடித்தாள். "என் ஏச்சைத்தான் வாங்கிட்டீங்க. துட்டுக் குடுத்து நானே திருப்பி வாங்கிக்கிடுதேன். இந்த மனுசனுக்கு ஒரு வருசத்துக்குப் போட்டு விடு."

"இந்தச் சேவை நம்ம நாட்டுல கெடையாது யக்கா."

"நம்ம வாயில வெளைஞ்சதுதான?"

"ஏற்றுமதித் தரம் யக்கா. உள்ளூர்ல விடமாட்டாங்க." எப்சிபா தரையைப் பார்த்தபடி சொன்னாள். "வேணும்னா வேற ஒண்ணு இருக்கு. உள்ளூருக்குன்னே போட்டிருக்காங்க. 'மாத்திரை நேரம் வந்துவிட்டது, அன்பரே'ன்னு சொல்லும். அங்க யாரும் வாங்காம மிஞ்சிக் கெடந்தது."

ஐப்பசியில் தறிக்கூடத்தில் சொரிமுத்துவின் காலில் ஆணி ஏறியது. செருப்பு இல்லை. சொல்லவும் இல்லை. சொன்னால் ஏச வேண்டியவள், 'கவனமா இருங்க' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவாளோ என்று பயம். துணியைச் சுற்றிக்கொண்டு தறி ஓட்டினான். நாற்றம் சொல்லித்தான் உலகம்மாளுக்குத் தெரிந்தது. அவிழ்த்துப் பார்த்தவள் அந்த நிமிஷமே ஆட்டோ பிடித்து அவனை ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நேராகச் சொன்னாள். "ரெண்டு விரலை இன்னைக்கே எடுத்தாகணும். இன்னும் நாலு நாள் போனா கால். அப்புறம் ஆளே. இவர் சம்மதம்னு கையெழுத்துப் போட மாட்டேங்கிறார். நீங்க பேசிப் பாருங்க."

வெளிநோயாளிகள் கூடத்தில் சொரிமுத்து பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் முழங்கால்வலி, இருமல், பிள்ளைத்தாய்ச்சி என்று நூறு பேர். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை மணி.

"கையெழுத்துப் போடுங்க" என்றாள் உலகம்மாள்.

"வேண்டாம். இருக்கட்டும்."

"எனக்காகப் போடுங்க."

"ஒனக்கு என்ன குறை? வடிவு படிச்சு முடிச்சிருவா. மாசம் பணம் வருது. நான் போயிட்டா ஒனக்கு ஒரு வேலை மிச்சம்." அவன் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னான். "முன்ன மாதிரின்னா பரவால்ல. இப்பல்லாம் நான் இருந்தா என்ன, இல்லாட்டா என்னன்னு ஆயிட்டுல்லா ஒனக்கு."

உலகம்மாள் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். உளுந்தளவுப் பொட்டு. அதற்கு அந்தப் பக்கம் வடிவின் படிப்பு, இந்தப் பக்கம் இந்த மனுசன். பெஞ்சில் இருந்த இருமல்காரர் இரண்டு தடவை இருமி முடித்தார்.

பிறகு மடை திறந்தது.

"ஏ கூறு கெட்ட மனுசா! போறீராவே? எங்க போறீரு? டிக்கெட் எடுத்தாச்சா? பதினஞ்சு வருசமா ஒமக்கு உப்பில்லாம ஒரு குழம்பு, சீனியில்லாம ஒரு காப்பின்னு போட்டுப் போட்டு என் நாக்கே செத்துப் போச்சு, நீரு காலை ஆட்டிக்கிட்டுப் போயிருவீராக்கும்! செருப்பு போடாத காலு, செருப்பு! ரெண்டு ஜோடி வாங்கி வாசல்ல அலங்காரத்துக்கா வச்சிருக்கேன்? ஒம்ம பொட்டப்புள்ள நாளைக்கு வெள்ளை உடுப்பு மாட்டி ஊரான் காலுக்கெல்லாம் மருந்து கட்டப் போறா, பெத்த அப்பன் காலை அழுக விட்டவான்னு அவள ஊரு சிரிக்கணுமா? வெளங்காத மூதி! விரலு போனா என்ன, அந்த விரல வச்சுப் பேனாவா பிடிச்சீரு? மிட்டாய்க் கடை வாசல்ல எக்கிப் பார்க்கத்தான ஒதவிச்சு! போடும்வே கையெழுத்தை! போடும்ங்கேன்!"

பொட்டு துடித்தது. துடித்து, துடித்து, சுட்டது. அவள் நிறுத்தவில்லை. இருமல்காரர் தன்பாட்டுக்குப் பையைத் திறந்து மாத்திரையை எடுத்து, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினார். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி மடக்கி வைத்திருந்த காலை அவசரமாக நீட்டிக்கொண்டாள். நர்ஸ் ஓடிவந்து, சத்தம் போடாதே என்று சொல்ல வாயைத் திறந்து, என்ன தோன்றியதோ, சும்மா நின்றாள்.

சொரிமுத்துவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. முகமோ சிரித்தது. காகிதத்துக்குக் கை நீட்டினான்.

"எங்கட்டி போயிருந்த இத்தன நாளு?" என்றான்.

இரண்டு விரல் போயிற்று, கால் தங்கியது. வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் எப்சிபா படியேறினாள். கையில் கம்பெனி நோட்டீஸ். உலகம்மாள் சுளகை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். எதை விற்பது, யாரைக் கேட்பது என்று மனசுக்குள் ஏற்கெனவே ஓட்டிப் பார்த்து வைத்திருந்தாள். வடிவிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு மட்டும் வழி தெரியவில்லை.

"எவ்வளவுட்டி கட்டணும்? சுத்தி வளைக்காமச் சொல்லு."

"ஒண்ணும் கட்ட வேண்டாம் யக்கா."

"எளக்காரமா?"

"இல்ல யக்கா. ஆஸ்பத்திரியில பேசினதைப் பொட்டு அனுப்பிருக்கு, மெஷின் ஒத்துப் பார்த்திருக்கு. கம்பெனியோட உலகம்மா பேச்சுக்கும் உங்க பேச்சுக்கும் பதினோரு சதவீதந்தான் ஒத்துப் போகுதாம். இது கம்பெனிச் சரக்கே இல்லன்னு ஆயிட்டு, அதனால மீறல் இல்ல."

உலகம்மாளுக்குப் புரியவில்லை. எப்சிபா மெல்ல விளக்கினாள். வாங்கினவர்கள் மாசாமாசம் மதிப்பெண் போடுகிறார்கள். 'மூதி' கொஞ்சம் கடுமை என்று ஒரு நாட்டில் சொன்னார்கள், எடுத்தார்கள். குரல் உயருவது நாய்க்குட்டியைப் பயமுறுத்துகிறது என்று இன்னொரு நாட்டில் சொன்னார்கள், தணித்தார்கள். நடுநடுவே கொஞ்சம் பாராட்டும் சேர்த்தார்கள். ஒவ்வொரு மாசமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செம்மைப்படுத்தி, கடைசியில் கம்பெனியின் உலகம்மாள் என்ன சொல்கிறாள் என்று எப்சிபா தமிழிலேயே போட்டுக் காட்டினாள். குரல் அச்சு அசல் அவளுடையது. 'மாத்திரை நேரம் வந்துவிட்டது, அன்பரே. நீங்கள் மறந்ததில் எனக்குச் சிறு வருத்தம்தான்' என்றது.

"அந்தப் பனி நாட்டுக் கெழவரு மாத்திரை போடுதாரா?" என்றாள் உலகம்மாள் உடனே.

எப்சிபா அவசரமாக நோட்டீஸின் பக்கத்தைப் புரட்டினாள். "இன்னொண்ணு இருக்கு யக்கா. மாசப் பணம் வாங்க நீங்கதான் உலகம்மான்னு பேசிக் காட்டி நிரூபிக்கணும். இப்ப ஒத்துப் போகல. அதனால பணம் நிக்கும். மூணு மாசம் பயிற்சி தாராங்க, இலவசமா. உலகம்மா மாதிரி எப்படிப் பேசணும்னு சொல்லிக் குடுப்பாங்க. அதுல தேறிட்டா மறுபடியும் நீங்க உலகம்மா."

உள்ளிருந்து சொரிமுத்து வெடித்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது. "தேற மாட்டா, பாப்பா! சத்தியமாத் தேற மாட்டா!"

"நீரு சும்மா கெடயும்வே!" என்று உலகம்மாள் அந்தப் பக்கம் ஒரு சத்தம் விட்டு, இந்தப் பக்கம் திரும்பினாள். "வடிவு படிப்பு?"

"கடைசி வருசம்வரைக்கும் கட்டியாச்சு. மீறல் இல்லாததால அதுல கைவைக்க முடியாது."

"அப்பப் பொட்டைக் கழத்து. அந்த உலகம்மாவை அவங்களே வச்சுக்கிடட்டும். எனக்குப் பீடி இலை காயுது."

எப்சிபா பொட்டைக் கழற்றினாள். வேலை முடிந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. பலகையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஓரத்தை நகத்தால் நிரடிக்கொண்டே இருந்தாள்.

"என்னட்டி?"

"எங்க அம்மாவும் கையெழுத்துப் போட்டாங்க யக்கா. நாசரேத்துல. நான்தான் போட வச்சேன், என்னோட மொத ஒப்பந்தம் அது. ரெண்டு வருசம் ஆச்சு. தினம் போன்ல பேசுதாங்க. 'நலமா இருக்கியா மகளே'ங்காங்க. அவ்வளவுதான்." அவள் பலகையைத் தரையில் இறக்கி வைத்தாள். "ஒரு தடவ என்னைய ஏசுதீங்களா யக்கா?"

உலகம்மாள் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். குச்சி மாதிரிக் கை. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"மதியம் சாப்பிட்டியா?"

"இல்ல."

"காலையில?"

"டீ குடிச்சேன்."

உலகம்மாள் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். தெரு முனையில் எச்சில் இலையை மேய்ந்துகொண்டிருந்த ஆடு, எதற்கும் இருக்கட்டும் என்று நாலடி தள்ளி நின்றது.

இவ்வளவுதான் கதை, என் கண்ணுகளா. எழுந்து வீட்டுக்குப் போங்கள், சோறு ஆறிவிடப் போகிறது. நீங்கள் பிந்தி வந்தால் கோபப்பட உங்கள் வீட்டில் ஒரு வாய் என்றைக்கும் இருக்கட்டும். அந்த வாய்க்கு விலை பேச வருகிறவன் வழி தவறிப் போகட்டும். உங்கள் உலையும் கொதிக்கட்டும், உங்கள்மேல் உசிர் வைத்தவர்களும் கொஞ்சம் கொதிக்கட்டும். குடும்பம் தழைத்து, சத்தமும் சிரிப்புமாக நீங்கள் நூறு வருஷம் இருங்கள்.